சுடுகாடு வரையாத ஊர்

ஜூன் 2, திங்கள்

நிறைநகருக்கு வந்து இன்றோடு ஒரு வருடம். வீட்டில் அடுப்பில்லாத ஒரு வருடம். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. கல்யாணமான மறுநாள் காலையில் மாமியார் என் கையில் கொடுத்த கரண்டி, அவர் கண்மூடும்வரை இறங்கவில்லை. கடைசி நாலு வருடம் அவருக்கு ஊட்டிவிட்டதும் நான்தான். அதற்கு நடுவே பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் பொறுப்பு. வீட்டிலும் கரண்டி, வெளியிலும் கரண்டி. அம்மாடி, போதும்!

இங்கே வீடுகளைச் சமையலறை இல்லாமலேயே கட்டியிருக்கிறார்கள். நடுவில் வட்டமாகப் பொதுக்கூடம், அதை ஒட்டிச் சமையற்கூடம், சுற்றிலும் மூன்று வளையமாக வீடுகள். அறுநூறு பேருக்கும் ஒரே அடுப்படி. எனக்கு அளவைப் பொறுப்பு. காலை ஆறு மணிக்குப் போய் அரிசி பருப்பு அளந்து போட்டு, மதியம் பரிமாறி முடித்தால் அப்புறம் நான் மகாராணி.

ஆண்டு விழாவில் நிர்வாகி எழிலரசு பேசினான். சின்ன வயசு, மரியாதையான பையன். கூட்டம் முடிந்ததும் இவர் வழக்கம்போல வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஊரின் மாதிரியைப் பார்க்கப் போய்விட்டார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் கைலாசம். நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏட்டி உலகு, முப்பத்தோரு வருசம் லேஅவுட் போட்டிருக்கேன். இவ்வளவு லெச்சணமா ஒண்ணு நான் போட்டதில்ல. ஆனா ஒண்ண விட்டுட்டானுவ."

"என்னத்த?"

"சுடுகாடு எங்க இருக்கு?"

"நல்ல நாளும் அதுவுமா வாயில வாரதப் பாரு!"

எழிலரசு பின்னால் நின்று கேட்டிருக்கிறான். சிரித்துக்கொண்டே, "தேவைப்படலியே சார். ரெண்டரை வருசமா நம்ம ஊர்ல ஒரு சாவுகூட இல்ல" என்றான். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நானும்தான்.

ஜூன் 9, திங்கள்

பக்கத்து வீட்டுச் செல்லக்கனிக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. புருஷன் கப்பலில். மாமனார் தங்கப்பழத்தோடு இங்கே இருக்கிறாள். பெரியவருக்கு ஒரு பக்கம் கை விழுந்துவிட்டது. கூடத்தில் மற்றவர்கள் எழுந்து போகும்வரை தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு கனி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நாலு வாய் ஊட்டிவிடுவாள்.

அது இங்கே கூடாது. கையேட்டில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது: 'ஒருவருக்கு ஒருவர் ஊட்டிவிடும் நிலை வந்தால், இருவருக்கும் விடுதலை.' அப்படிப்பட்டவர்களுக்கென்று மூன்றாம் வளையத்துக்கு வெளியே அமைதி இல்லம் இருக்கிறது. அங்கே பார்த்துக்கொள்ள ஆட்கள் உண்டு. ஒரு பெண்ணின் ஆயுசு ஒரு கிழவரின் தட்டோடு போய்விடக் கூடாது என்று யோசித்துக் கட்டிய ஊர் இது. எனக்கு அப்படி ஒரு ஊர் கிடைத்திருந்தால் நாலு வருடம் மிச்சமாகியிருக்கும்.

இன்று அரிசிக் கணக்கு கொடுக்கப் போனபோது பேச்சுவாக்கில் எழிலரசிடம் அந்தப் பெண் படுகிற பாட்டைச் சொன்னேன். பேச்சுவாக்கில்தான். "உங்கள மாதிரி நல்லது நினைக்கிறவங்கதான் இந்த ஊருக்குத் தூண்" என்றான்.

ஜூன் 10, செவ்வாய்

பெரியவரை அழைத்துப் போய்விட்டார்கள். மதியம் அந்தப் பெஞ்சில் எல்லோரும் ஓர் இடம் தள்ளி நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். இடைவெளியே தெரியவில்லை.

கனி சாப்பிட வரவில்லை. நாலு நாளில் சரியாகிவிடும்.

ஜூன் 21, சனி

சாம்பார் இவர் சட்டையில் கொட்டிவிட்டது. கூடத்தில் கணவன் மனைவியைச் சேர்த்து உட்காரவைப்பதில்லை, எல்லோரும் எல்லோரோடும் பழக வேண்டுமாம். அதனால் நான் பரிமாறிக்கொண்டே தூரத்திலிருந்து பார்த்தேன். வலது கை ஆடுகிறது. சோறு வாய்க்குப் போகும்முன் பாதி திரும்பத் தட்டில் விழுகிறது.

கரண்டி வழுக்கியிருக்கும். இந்த ஸ்டீல் சாமான் எல்லாம் தரமில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஒவ்வொரு நாள் காலையிலும் சமையற்கூடத்துப் பலகையில் எழிலரசு எண்ணிக்கை எழுதிப் போடுவான். முதல் வளையம் இத்தனை, இரண்டாம் வளையம் இத்தனை, கடைசியில் 'அமைதி இல்லம் 9'. அந்த ஒன்பது பேருக்குரியதைத் தனியே கட்டி வண்டியில் அனுப்ப வேண்டும்.

தங்கப்பழம் போவதற்கு முன்னும் ஒன்பதுதான். அவருக்குப் பிறகு மூன்று பேர் போயிருக்கிறார்கள். இன்றும் ஒன்பது. பையன் மாற்றி எழுத மறந்திருப்பான்.

சாயங்காலம் கனி வந்தாள். மெலிந்துவிட்டாள். விடுதலை கிடைத்த முகமாகத் தெரியவில்லை.

"அத்த, பாக்க விட மாட்டேங்காவ. பாத்தா ரெண்டு பேருக்கும் மனசு கலங்குமாம். மாமாவுக்குப் புளி ஆகாது, நெஞ்சு கரிக்கும். நீங்கதான அளக்கீங்க, கொஞ்சம் சொல்லிருங்க."

"சொல்லுதேன்ளா, அதுக்கென்ன."

"யாரு போய்ச் சொன்னாவளோ தெரியல. நல்லா இருக்கட்டும்."

திட்டியிருந்தால்கூட எனக்கு இப்படி இருந்திருக்காது.

ஜூலை 5, சனி

வண்டிக்காரனிடம் புளி விஷயத்தைச் சொன்னேன். "தங்கப்பழமா? அது யாரு?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

ஜூலை 18, வெள்ளி

இவருக்குக் காய்ச்சல், கூடத்துக்கு வர முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல் இல்லை. தட்டைத் தூக்கவே முடியவில்லை. பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டுகிறேன் என்று அனுமதி கேட்டேன். "இங்கேயே பாத்துக்கலாம்மா" என்றான் எழிலரசு. இங்கே பார்ப்பது என்றால் எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்க நாக்கு எழவில்லை. பாளையங்கோட்டை வீட்டையும் விற்றுவிட்டுத்தான் வந்தோம். திரும்பிப் போய் எந்த வாசலில் நிற்க?

கூடத்திலிருந்து சமைத்த சோறு வெளியே வரக் கூடாது. வாசலில் கையைப் பார்ப்பார்கள். மடியைப் பார்ப்பதில்லை. இரண்டு பிடி பச்சரிசியும் கொஞ்சம் பருப்பும் முடிந்துகொண்டு வந்தேன். அடுப்புக்கு? விடுதியில் பிள்ளைகள் இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் நூடுல்ஸ் வேகவைப்பார்கள். எத்தனை பேரைப் பிடித்து மன்னிப்பு எழுதி வாங்கியிருக்கிறேன்! இன்று நான் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, இரண்டு செங்கல்லுக்கு நடுவே பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் சின்னச் சட்டியில் கஞ்சி காய்ச்சினேன். இந்த ஊர் வீட்டுக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

ஊட்டிவிட்டேன். மூன்றாவது வாய்க்கு இவர் அழுதுவிட்டார்.

"உனக்கு இது வேண்டாம்னுதான உலகு இங்க வந்தோம்."

"பேசாம வாயத் திறங்க. பெரிய இவரு."

எனக்கும்தான் அழுகை வந்தது. ஆனால் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். மாமியாருக்கு ஊட்டிய நாலு வருடமும் வேண்டாவெறுப்பு. இன்று அப்படி இல்லை. சட்டி காலியானதும் இன்னும் கொஞ்சம் காய்ச்சியிருக்கலாமோ என்று இருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

இருக்கை காலியாக இருக்கிறதென்று எழிலரசும் இன்னும் இரண்டு பேரும் விசாரிக்க வந்தார்கள். போர்வைக்குள் இவர் கையை வைத்து, மடியில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். பத்து நிமிஷம் கட்டட விஷயமாகப் பேசிச் சமாளித்தார்.

"அமைதி இல்லத்துக்கு ஜன்னல் எல்லாம் உச்சியில வச்சிருக்கானுவளே தம்பி. உள்ள உக்காந்தா வானம் மட்டுந்தான தெரியும்?"

"அமைதிக்குத்தான் சார்."

"தெரு தெரியணும்யா மனுசனுக்கு. நாலு பேரு போறது வாரது தெரியணும்."

எழிலரசு புன்னகையோடு எழுந்தான். போகும்போது, "பக்கத்தத் திருப்பவே இல்லியே சார்?" என்றான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

என்னைப்போல ஒரு கிறுக்கச்சி உண்டா! பதினாறு நாளாகக் கஞ்சி, பருப்புத்தண்ணி. "வாயெல்லாம் மண்ணா இருக்குட்டி, ஒரு ரசம் வையேன்" என்றார். வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். தாளிக்காத ரசத்தை எந்தப் பொம்பளை இறக்கிவைப்பாள்? கை தானாகப் போகிறது. குட்டிக் கரண்டியில் துளி நெய், கடுகு, சீரகம், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம். கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டுவிடுமே என்றுதான் பயந்தேன், தலையணையை வைத்து அமுக்கினேன். சத்தம் அடங்கியது. வாசனை அறை முழுக்க நின்றது. போகட்டுமென்று ஜன்னலைத் திறந்தேன் பாருங்கள், அதுதான் முட்டாள்தனம். ஒரு வீட்டுக் காற்று எல்லா வீட்டுக்கும் போய்வர வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய வளையம் இது. இவர்தான் எனக்கு அதை விளக்கியவர்.

மதியம் மூன்று மணி. எதிர் வளையத்தில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வருடக்கணக்காக ஒரு வீட்டிலும் தாளித்த வாசனை எழும்பாத ஊர். வாசலுக்கு வந்து நின்றார்கள். எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கனி ஓடி வந்தாள். "அத்த, ஜன்னலச் சாத்துங்க. யாராவது கேட்டா எங்க வீட்டுல இருந்துதான்னு சொல்லிருதேன். எனக்கு இனி என்ன, கூட்டிட்டுப் போக யாரு இருக்கா?"

கட்டிலில் கிடந்த இவரைப் பார்த்தாள். சட்டியையும் பார்த்தாள். கீழே சிந்தியிருந்ததைத் துடைத்துவிட்டுப் போனாள்.

அவளிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

யாரும் வரவில்லை. ரசத்தைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

பலகையில் எட்டு.

ஆகஸ்ட் 11, திங்கள்

நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது எழிலரசு கூப்பிட்டான். கையில் காகிதம். கீழே இவர் கையெழுத்து, கோழி கிண்டியதுபோல.

"சாரே சம்மதிச்சிட்டாரும்மா. உங்க சிரமத்தப் பாத்துட்டுத்தான் போட்டாரு. இப்பத்தான் கூட்டிட்டுப் போனோம்."

"நான் சம்மதிக்கல."

"இருவருக்கும் விடுதலைம்மா."

"எனக்கு வேண்டாம்யா உன் விடுதலை! யாரு கேட்டா? யாரு உங்கிட்ட சொன்னா?"

"நல்லது நினைக்கிறவங்கதான்" என்றான்.

வீட்டுக்கு ஓடினேன். கட்டில் காலி. போர்வையை மடித்து வைத்திருந்தார்கள், அவ்வளவு நேர்த்தியாக. அமைதி இல்லத்துக்குப் போனேன். வாசலில் இருந்த இரண்டு பேர் என்னைத் தொடவில்லை, திட்டவில்லை, நகரவும் இல்லை. உச்சியில் இருந்த ஜன்னலைப் பார்த்து "ஏங்க, ஏங்க" என்று கத்தினேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

திரும்பி வந்து, இதே நோட்டின் பின்பக்கத்தில், என் கண் பார்க்க அங்கே போனவர்களின் பெயரை எழுதினேன். ஒரு வருடத்தில் இருபத்தாறு பேர். இவரைச் சேர்த்தால் இருபத்தேழு. திரும்பி வந்தவர் ஒருவரும் இல்லை. பலகையில் இன்று காலை எட்டு. நான்தானே தட்டை எண்ணிக் கட்டுகிறேன்! மறதியாம், பையன் மாற்றி எழுத மறந்துவிட்டானாம்! எனக்குத் தெரியும். புளி விஷயத்தைச் சொன்ன அன்றே தெரியும். தெரிந்துகொள்ள வேண்டாமென்று இருந்தேன். சாவே இல்லாத ஊர் என்று கை தட்டினேனே, பாவி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பலகையில் ஒன்பது. அப்படியானால் இவர் இருக்கிறார். ஒன்பதாவது தட்டில் சோற்றை நன்றாகக் குழைத்து வைத்தேன். மதியம் வண்டி திரும்பும்வரை, முதல் தடவையாக, நின்று பார்த்தேன். அந்தத் தட்டு வைத்தபடியே வந்தது. ஊட்ட ஆளில்லை. அங்கே யாரும் யாருக்கும் ஊட்டுவதில்லை. அவ்வளவுதான் அந்த வீட்டின் ரகசியம், வேறு மருந்தும் இல்லை மாயமும் இல்லை.

நாளைக்கு நான் சும்மா இருக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

காலை ஐந்தரைக்கே வந்துவிட்டேன். சாவி அளவைக்காரியிடம்தான் இருக்கும். குரங்குத் தொல்லைக்காக இந்த ஊரிலேயே சமையற்கூடத்துக் கதவுக்கு மட்டும்தான் உள்தாழ்ப்பாள். போட்டுவிட்டேன். எண்ணெய் டின்களை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். அரிசி, பருப்பு, எரிவாயு எல்லாம் உள்ளே. நானும் உள்ளே.

எட்டு மணிக்கு எழிலரசு வந்தான். அம்மா அம்மா என்று கெஞ்சினான்.

"அவியளக் கூட்டிட்டு வாங்க. உலை வைக்கேன்."

"குழந்தைங்க பசியா இருக்கும்மா."

அது நியாயம். பாலைக் காய்ச்சி ஜன்னல் கம்பி வழியாகக் குழந்தைகளுக்கு மட்டும் டம்ளர் டம்ளராகக் கொடுத்தேன். பெரியவர்களுக்குப் பச்சைத்தண்ணிகூடக் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

பதினொரு மணி. கதவை இடிக்கிறார்கள். தினமும் என் கையால் சாப்பிட்டவர்கள்தான். "ஒரு ஆளுக்காக அறுநூறு பேரு பட்டினி கெடக்கணுமா?" என்று ஒருத்தர் கத்தினார்.

"ஆமா! கெடங்க! ஒரு பொழுது கெடந்து பாருங்க. அங்க இருக்கவங்களுக்கு எப்படி இருக்குன்னு தெரியட்டும்" என்றேன். பலகையில் எழுதும் எண்ணைச் சொன்னேன். போனவர்கள் எத்தனை பேர் என்று சொன்னேன். நேற்றுத் திரும்பி வந்த தட்டையும் சொன்னேன்.

இடி நின்றது. கோடாரிக்கு ஆள் போயிருக்கிறதோ என்று நினைத்தேன். பிறகு கதவுக்குப் பக்கத்தில் கனியின் குரல் கேட்டது, மெதுவாக.

"அத்த, திறந்துராதீங்க. எங்க மாமாவையும் கேளுங்க."

அவளுக்குப் பின்னால் ஓர் ஆணின் குரல்: "எங்க அம்மா, லூர்தம்மாள்." அப்புறம் இன்னொன்று. அப்புறம் மளமளவென்று. யார் பெயரை யார் சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. பட்டினி என்று கத்தியவரும் தன் அண்ணன் பெயரைச் சொன்னார். நான் நோட்டை எடுத்து எழுதினேன். இருபத்தேழு இல்லை, நான் வருவதற்கு முன்னாலேயே போனவர்களும் உண்டு. நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் ஜன்னலில் நின்று உரக்கப் படித்தேன்.

கூட்டம் எழிலரசைச் சுற்றி நெருங்கியது. கடைசியில், "இருக்கிறவங்களக் கூட்டிட்டு வரச் சொல்லுதேன்" என்றான்.

இருக்கிறவர்களை. அந்த வார்த்தையைக் கேட்டு ஒரு பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணி. அரிசி மூட்டைமேல் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். வருகிறார்கள். இரண்டு பேரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு, மற்றவர்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு. கடைசியில் இவர். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஆடுகிற கையை ஆட்டிக்கொண்டு, உயிரோடு. ஐயோ, உயிரோடு! கத்தினேன், அழுதேன், என்ன சொன்னேன் என்று தெரியாது. இவர் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்து, "பசிக்குதுட்டி" என்றார்.

ஒன்பது பேர். மூன்று தடவை எண்ணிவிட்டேன். தங்கப்பழம் இல்லை.

கனி ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வருகிறாள். முகத்தை மூடியிருக்கும் துண்டை விலக்கிப் பார்க்கிறாள். ஒன்பதாவதாக இவரிடம் வந்து நின்றாள். இவர் ஆடுகிற கையை அவள் தலைமேல் வைத்தார். இப்போது திரும்பி இந்தக் கதவுக்கு வருகிறாள்.

டின்களை நகர்த்திவிட்டேன். தாழ்ப்பாளில் கை இருக்கிறது. "அத்த, திறங்க, கைலாசம் மாமாவுக்குப் பசிக்காம்" என்கிறாள். திறந்ததும் உலை வைப்பதற்கு முன்னால், அன்றைக்குப் போய்ச் சொன்னது நான்தான் என்று அவளிடம் சொல்ல வேண்டும்.